அரிதாரம் பூசிய வருணாசிரமம்

1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் இரவு. அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடைபெறுகிறது. பஞ்சத்திலே வாடி, உழைப்பிலே தேய்ந்து, வாய்திறவாமல் துன்பத்தைத் தாங்கும் சீன உழவன் மனைவி ஓலானாக நடித்தவருக்கு, ஆண்டின் சிறந்த நடிகை என்ற பரிசு வழங்கப்படுகிறது. பரிசு பெற்றவர் சீனப் பெண்மணி அல்லர். ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர்.

அதே லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலே, சலவைக்கடை நடத்திய சீனர் ஒருவரின் மகளாக 1905-ஆம் ஆண்டில் பிறந்த நடிகை ஒருவர் இருந்தார். அன்னா மே வாங் என்பது அவர் பெயர். 1922-இல் 'தி டோல் ஆஃப் தி சீ' என்ற வண்ணப் படத்தில் கதைத்தலைவியாக நடித்தார். 1924-இல் 'பாக்தாத் திருடன்', 1932-இல் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' என்று அவர் புகழ் வளர்ந்தது. இடையிலே ஐரோப்பா சென்று அங்கும் பெயர் பெற்றுத் திரும்பினார். பேர்ல் பக் அம்மையார் 1931-இல் எழுதிய 'நல்ல நிலம்' என்ற நாவல் படமாகப் போகிறது என்றதும், ஓலான் வேடத்தை அவர் பெரிதும் விரும்பினார். கிட்டவில்லை.

திறமைக் குறைவா? இல்லை. புகழ்க் குறைவா? இல்லை. சீனப் பெண்ணாக இருந்த காரணத்தால், சீனப் பெண்ணாக நடிக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று!

விந்தையாக இருக்கிறதா? விளக்கத்தைக் கேளுங்கள். அமெரிக்கப் படமுதலாளிகள் 1930-இல் தங்களுக்குத் தாங்களே ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை வகுத்துக்கொண்டனர். 1934 முதல் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. வெள்ளை இனத்தாரும் கறுப்பு இனத்தாரும் உறவு கொள்வதைத் திரையில் காட்டலாகாது என்பது அதிலே ஒரு விதி. ஏட்டிலே எழுதப்பட்டது கறுப்பரைக் குறித்து. நடைமுறையிலே அதன் கை ஆசியர் வரை நீண்டது. 'நல்ல நிலம்' படத்திலே உழவன் வாங் லுங்காக நடிக்கப் பால் முனி என்ற வெள்ளை நடிகரை அமர்த்தினர். கணவன் வெள்ளையர் என்றால் மனைவியும் வெள்ளையராக இருந்தாக வேண்டும்! கதையிலே சீனன் ஒருவன் சீனப் பெண்ணை மணக்கிறான். அதிலே யாருக்கும் மறுப்பு இல்லை. அரிதாரத்துக்கு அடியிலே வெள்ளைத் தோலும் மஞ்சள் தோலும் பக்கத்தில் நின்றுவிடக் கூடாது. அதுதான் அவர்களுக்கு அச்சம். கதைக்காக எழுதப்பட்ட ஒழுக்க விதி அன்று அது. குருதிக்காக எழுதப்பட்ட தீட்டு விதி.

தீட்டு என்ற சொல்லை எண்ணித்தான் எழுதுகிறோம். அந்தச் சொல்லின் பொருளைப் பிறர் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு, அதே கதையிலே கணவனின் மனத்தை மயக்கி இல்லத்தைக் கலைக்கும் 'தாமரை' என்னும் ஆடலழகியின் வேடத்துக்கு அன்னா மே வாங்கை அழைத்துச் சோதித்தார்கள். போற்றுதலுக்குரிய பாத்திரங்களை எல்லாம் பிறர் ஏற்க, தூற்றுதலுக்குரிய ஒன்றை மட்டும் சீனக் குருதி ஓடும் தாம் ஏற்பதா என்று அவர் மறுத்துவிட்டார் என்பர். அந்த வேடமும் வியன்னாவில் பிறந்த டில்லி லாஷ் என்ற நாட்டியப் பெண்மணிக்குப் போயிற்று. நாவலிலே ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓலான் தன் மார்பருகே மறைத்து வைத்துக் காத்து வந்த இரண்டு முத்துகளைக் கணவன் கேட்டு வாங்கி, அந்தத் தாமரைக்குக் கொடுத்துவிடுகிறான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. துணி துவைத்துக்கொண்டே கண்ணீர் வடிக்கிறாள். சலவைக்கடைக்காரர் மகளுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான். 1936-இல் அவர் ஹாலிவுட்டை விட்டுத் தம் முன்னோரின் நாடாகிய சீனத்தைக் காணப் புறப்பட்டுவிட்டார்.

இந்தக் கதையை நாம் சொல்லும்போது, கலையை உண்மையாகவே நேசிக்கும் நண்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கக் கூடும்: "நடிப்பு என்பதே தான் அல்லாத ஒருவராக மாறுவது அன்றோ? அரசனாக நடிக்க அரச குலத்திலே பிறந்திருக்க வேண்டுமா? கொலைகாரனாக நடிக்கக் கொலை செய்திருக்க வேண்டுமா? வெள்ளைக்காரி சீனப் பெண்ணாக மாறி நம் கண்ணில் நீரை வரவழைத்தால், அது கலையின் வெற்றி. அதைக் குற்றம் என்பது கலையைக் குறுக்குவது ஆகாதா?"

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிப்பது நேர்மை அன்று. கேள்வியிலே உண்மை இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலே டெஸ்டிமோனாவாகவும் ஜூலியத்தாகவும் நடித்தவர்கள் இளஞ்சிறுவர்கள். நம் நாட்டுப் பாய்ஸ் கம்பெனிகளிலே ஸ்திரீபார்ட் ஏற்ற சிறுவர்களைக் கண்டு, உண்மைப் பெண் என்றே மயங்கியவர் பலர். பால் முனி என்ற அந்த நடிகரும் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டராக நடித்து ஆஸ்கார் பெற்றவர்; மெக்சிகோவின் தலைவர் ஹுவாரெஸாகவும் நடித்தவர். ஒருவன் பலராக மாறும் அந்த ஆற்றலை நாம் இகழவில்லை, இகழ மாட்டோம்.

அதற்கும் மேலே ஒன்று சொல்கிறோம். 'சீனர் வேடம் சீனருக்கே, கறுப்பர் வேடம் கறுப்பருக்கே, வெள்ளையர் வேடம் வெள்ளையருக்கே. அதுவே நீதி' என்று ஒருவர் நிலையான சட்டம் வகுப்பாரானால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாமே. ஏன்? பிறப்பைக் கொண்டு தொழிலை வகுப்பதுதானே வருணாசிரமம்? குயவன் மகன் பானை வனைய வேண்டும், வண்ணான் மகன் வெளுக்க வேண்டும் என்பதுதானே குலத்தொழில்? அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று 1953-இல் ஒரு திட்டம் வந்தபோது, குலக்கல்வி என்று பெயரிட்டு அதனை எதிர்த்து, அடுத்த ஆண்டே வீழ்த்திய நாட்டிலே இருந்துகொண்டு, நாடகமேடையிலே மட்டும் பிறந்த குலத்துக்கு உரிய வேடம் என்று நாம் பேசலாமா? பேசலாகாது.

அப்படியானால் 'நல்ல நிலம்' படத்திலே நாம் கண்ட குற்றம் என்ன?

வெள்ளைப் பெண்மணி சீனப் பெண்ணாக நடித்தது அன்று குற்றம். சீனப் பெண் எந்த வேடத்தையும் விரும்பி ஏற்க முடியாதபடி அவர் பிறப்பே குறுக்கே நின்றதுதான் குற்றம். ரெய்னருக்குக் கலையின் பெயரால் எல்லைகள் எல்லாம் அழிக்கப்பட்டன. வாங்குக்கு இனத்தின் பெயரால் எல்லைகள் எல்லாம் எழுப்பப்பட்டன. 'நடிப்பு என்பது பிறராக மாறுவது' என்ற அந்த உயர்ந்த கொள்கை ஒரு திசையிலே மட்டும் வேலை செய்தது. வெள்ளையர் சீனர் ஆகலாம், அராபியர் ஆகலாம், செவ்விந்தியர் ஆகலாம். சீனர் வெள்ளையராவது இருக்கட்டும், சீனர்கூட ஆக முடியாது! ஒரு வழிப் பாதைக்குக் கலைச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது, கோவில் கதவை ஒரு சாராருக்கு மட்டும் திறந்து வைத்துவிட்டு, ஆண்டவன் சந்நிதியில் அனைவரும் சமம் என்று கூறுவதைப் போன்றது.

ஒரு படத்தை மட்டும் வைத்து நாம் உலகை அளக்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். எட்னா ஃபெர்பர் அம்மையார் 1926-இல் எழுதிய 'ஷோ போட்' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். ஆற்றிலே மிதக்கும் நாடகக் கப்பல். அதிலே ஜூலி என்ற பாடகி. பார்வைக்கு வெள்ளை, ஆனால் குருதியிலே கறுப்பு இனம் கலந்தவள். வெள்ளையனை மணந்தது குற்றம் என்று பிடிக்க வருகிறார்கள். கணவன் அவள் விரலைக் கீறி, கசிந்த இரத்தத்தை உறிஞ்சி, 'என் உடலிலும் கறுப்புக் குருதி உண்டு; இப்போது என்ன செய்வீர்?' என்னும் நிலையை ஏற்படுத்துகிறான். குருதியைக் கொண்டு மனிதரைப் பிரிக்கும் சட்டத்தின் முகத்திலே அறைந்த கதை அது.

அந்தக் கதை 1951-இல் வண்ணப் படமாக வந்தபோது ஜூலியாக நடித்தவர் யார்? கறுப்பினத்தவரும், பேரழகியும், பெரும் பாடகியுமான லீனா ஹார்ன் அந்த வேடத்தை விரும்பினார். 1946-இல் வேறொரு படத்திலே, அதே நாடகத்தின் சில காட்சிகளில், அதே ஜூலியாகப் பாடியும் காட்டியிருந்தார். வேடம் போனதோ வெள்ளை நடிகை ஏவா கார்ட்னருக்கு. பாட்டுக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். பாடத் தெரிந்தவர் வெளியே நின்றார். பாடகியாக நடித்தவருக்குக் குரல் இரவல் வாங்கப்பட்டது! எந்தச் சட்டத்தைக் கதை கண்டித்ததோ, அந்தச் சட்டத்தின் நிழலே கதையில் நடிப்போரைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளையர் கறுப்பர் உறவைத் தடுத்த அந்த விதி 1956-இல்தான் நீக்கப்பட்டது.

வேடம் கிடைத்தவர்கள் நிலைமைதான் என்ன? மார்கரெட் மிட்செல் அம்மையாரின் நாவல் 'கான் வித் தி விண்ட்' என்ற படமாகி 1939-ஆம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டா நகரிலே முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதிலே வீட்டுப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் அந்த விழாவுக்குச் செல்ல முடியவில்லை. நிறப்பிரிவினை ஆட்சி செய்த ஊர் அது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அவருக்கே ஆஸ்கார் பரிசு. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் விருந்து மண்டபத்திலே அவரைப் படக்குழுவினரோடு உட்கார வைக்கவில்லை, தனி மேசை. தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். மகள் திரையிலே அடிமையாக நடித்துப் பரிசு பெற்றார். முதன்மை நடிகைக்கான பரிசு ஒரு கறுப்பினப் பெண்மணிக்குக் கிடைக்க மேலும் 62 ஆண்டுகள் ஆயின. 2002-இல் ஹாலி பெர்ரி பெற்றார்.

இதற்கு மறுபுறம் ஒன்று உண்டு; அதுதான் நம் நெஞ்சை மிகவும் உறுத்துவது. 1939-இலேயே எமிலி பிராண்டியின் 'உதரிங் ஹைட்ஸ்' நாவலும் படமாயிற்று. நாவலாசிரியை, கதைத்தலைவன் ஹீத்கிளிஃபைக் கருத்த மேனியன் என்றும், எங்கிருந்தோ வந்த நாடோடிப் பிள்ளை போன்றவன் என்றும் வருணித்திருக்கிறார். அந்த வேடத்தை ஏற்றவர் வெள்ளையரான லாரன்ஸ் ஒலிவியர். வெள்ளைப் பெண் காத்தியாக நடித்தவரோ மெர்ல் ஓபரான். இவர் யார்? 1911-இல் பம்பாயில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர், ஆசியக் குருதி கலந்தவர். அந்த உண்மை வெளிப்பட்டால் வேடங்கள் பறிபோகும். ஆகவே தாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று ஒரு பொய் வரலாறு புனையப்பட்டது. 1979-இல் இறக்கும் வரை அந்தப் பொய்யைச் சுமந்தார்.

எண்ணிப் பாருங்கள். கருத்தவனாக வெள்ளையர் நடித்தார்; வெள்ளைக்காரியாக ஆசியப் பெண் நடித்தார். படம் பார்த்த பல்லாயிரவர் கண்டுபிடித்தார்களா? குருதிக்கும் கலைக்கும் உறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இருவருக்கும் ஒரு வேற்றுமை. ஒலிவியர் பூசிய வேடத்தை இரவிலே கழுவிவிட்டு, தாம் தாமாக வீடு திரும்பினார். ஓபரான் வீட்டிலும் வேடத்தைக் கலைக்க முடியவில்லை. ஒருவருக்கு நடிப்பு கலை. மற்றவருக்கு நடிப்பு சிறை. பாதை இரு திசையிலும் திறந்திருந்தால் அவர் தம் தாயின் குருதியை மறைக்க வேண்டியிருந்திருக்குமா?

வேடம் மறுக்கப்பட்டவரின் வயிற்றுப் பிழைப்போடு இந்தத் தீமை நின்றுவிடவில்லை. திரை என்பது கோடிக்கணக்கானோர் பயிலும் பள்ளிக்கூடம். ஓர் இனத்தாரை நேரிலே கண்டறியாதவர், திரையிலே கண்ட உருவத்தையே உண்மை என்று கொள்கிறார். ட்ரூமன் கபோட்டி எழுதிய கதை 1961-இல் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' என்ற படமாயிற்று. அதிலே மிக்கி ரூனி என்ற வெள்ளை நடிகர், முன்தள்ளிய பொய்ப்பல் கட்டி, கண்ணை இடுக்கி, குரலைத் திரித்து, யூனியோஷி என்ற ஜப்பானியராகக் கூத்தடித்தார். அரங்கம் சிரித்தது. அந்தப் படம் வெளிவருவதற்கு 20 ஆண்டு நிறைவதற்கு முன்புதான், ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் அமெரிக்காவிலே வீடுவாசல் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். இனம் முழுவதையும் ஒரே பொய்ப்பல் முகமாகக் காணப் பழகிய கண்களுக்கு, அந்த இனத்தாரைக் கம்பிவேலிக்குள் காண்பது உறுத்துவதில்லை. மிக்கி ரூனியிடம் நாம் காணும் குறை அவர் ஜப்பானியர் அல்லர் என்பது அன்று. அவர் மனிதராக மாற முயலவே இல்லை. கேலிப் பொம்மையாக மட்டுமே மாறினார். பிறராக மாறுவதுதான் நடிப்பு என்றால், அது நடிப்பும் அன்று.

ஒத்தெல்லோவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாடகத்திலே நிறமே நெருப்பு. அதை நீக்கினால் நாடகம் இல்லை. நியூயார்க்கில் பிறந்த கறுப்பர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், தம் நாட்டிலே மேடை கிடைக்காமல், 1825-இல் லண்டனிலே ஒத்தெல்லோவாக நின்றார். பால் ராப்சன் 1930-இல் லண்டனிலும், 1943-இல் நியூயார்க்கிலும் அந்த வேடத்தை ஏற்றார். நியூயார்க்கிலே அது 296 முறை நடந்தது. மேடை அவரை ஏற்றுக்கொண்ட பிறகும் திரை ஏற்கவில்லை. 1965-இல் படமான 'ஒத்தெல்லோ'விலே உடலெங்கும் கருஞ்சாயம் பூசிக்கொண்டு தோன்றியவர் அதே ஒலிவியர். லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் என்ற கறுப்பின நடிகரை ஒத்தெல்லோவாகக் கொண்ட படம் வர 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி, இன்றைய நாளின் வாதத்துக்கு வருவோம். 2023-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' என்ற படத்திலே, கடற்கன்னியாகக் கறுப்பினப் பெண் ஹாலி பெய்லி நடித்தார். பெயர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே கூக்குரல் எழுந்தது. 'ஆண்டர்சன் 1837-இல் எழுதிய டென்மார்க்குக் கதை, அதிலே அவள் மேனி ரோசா இதழ் போன்றது, கண்கள் நீலம், இதை மாற்றலாமா? வெள்ளையர் சீனராக நடித்தால் குற்றம், கறுப்பர் வெள்ளையரின் வேடத்தை ஏற்றால் புரட்சியா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பா?' என்று கேட்டனர்.

கேட்டவர் எல்லாரும் நிறவெறியர் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டு கேள்விகளால் இதை எடை போட்டுப் பார்ப்போம்.

முதற்கேள்வி: கதையின் உயிர் நிறத்திலே இருக்கிறதா? ஒத்தெல்லோவுக்கு இருக்கிறது, ஜூலிக்கு இருக்கிறது, சீன மண்ணோடு பிணைந்த ஓலானுக்கு அவள் நாடும் வாழ்வும் இருக்கின்றன. கடற்கன்னிக்கு? அவள் காதலுக்காக விலையாகக் கொடுத்தது குரலை, நிறத்தை அன்று. ரோசா இதழ் மேனி என்பது வருணனை. குரலை இழந்தாள் என்பதே கதை. வருணனை மாறினால் கதை சாகாது. ஆடை மாறினால் ஆள் சாகாததைப் போல.

இரண்டாம் கேள்வி: இந்த வேடத்தை இவருக்குக் கொடுத்ததால், வேறு எந்த இனத்துக்கு எந்தக் கதவு மூடப்பட்டது? வாங்குக்கு ஓலான் போனால் பிறகு நாயகி வேடமே இல்லை. கடற்கன்னி ஒருத்தி கறுத்ததால் வெள்ளை நடிகையருக்கு வேடம் அற்றுப்போயிற்றா? அவர்களுக்கு அரசிகள் உண்டு, இளவரசிகள் உண்டு, இன்னும் ஆயிரம் உண்டு. நிறைந்த களஞ்சியத்திலிருந்து ஒரு மரக்கால் எடுப்பதும், ஏழையின் அடுப்பிலிருக்கும் ஒரே கலயத்தைத் தூக்கிப் போவதும் ஒன்றாகுமா?

இங்கே நம் மனச்சான்றே நம்மைக் கேட்கிறது: "வேடத்துக்குப் பிறப்பைப் பார்ப்பது வருணாசிரமம் என்றீர், இப்போது நீரே பிறப்பை எண்ணிப் பார்க்கிறீரே?" ஆம், எண்ணிப் பார்க்கிறோம்; ஏன் என்பதையும் சொல்கிறோம். இதே கேள்வி நம் நாட்டிலே நீதிக்கட்சி ஆட்சியிலிருந்தபோது எழுந்தது. 1921-இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. முத்தையா முதலியார் 1928-இல் அதனைச் செயலாக்கினார். 'சாதி ஒழிய வேண்டும் என்போர் சாதியைக் கேட்டு வேலை கொடுக்கலாமா?' என்று அன்று கேலி பேசினர். பூட்டியவன் சாதியைக் கொண்டு பூட்டினான். திறப்பவன் அந்தப் பூட்டின் அமைப்பைப் பார்க்காமல் எப்படித் திறப்பான்? நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்து கொடுக்கும் மருத்துவன் உண்டா? 1951-இல் இந்திய அரசியல் சட்டத்துக்கு வந்த முதல் திருத்தமும் அந்த நியாயத்துக்குத் தலைவணங்கியது.

அதே நியாயம்தான் திரைக்கும். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான ஆஸ்கார் பட்டியலிலே இடம்பெற்ற இருபதின்மரும் வெள்ளையர். வெள்ளையர் அல்லாதார் அனைவரும் ஈராண்டுகளாக நடிப்பையே மறந்துவிட்டார்களா? திறமை பிறக்கவில்லையா, தேடவில்லையா? கண்டனம் எழுந்தது. பிறகு, சிறந்த படத்துக்கான பரிசுக்குப் போட்டியிடும் படங்கள், திரையிலும் திரைக்குப் பின்னும் ஒதுக்கப்பட்டோருக்கு இடமளிப்பது பற்றிய நான்கு நெறிகளில் இரண்டையாவது நிறைவேற்ற வேண்டும் என்ற ஏற்பாடு, 2024-ஆம் ஆண்டு விழாவிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அந்த ஏற்பாட்டிலே குறை கண்டவர் பலர். குறை இருக்கவும் கூடும். ஆனால் அதன் நோக்கம் நமக்குப் புதிது அன்று.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். பிறப்பை எண்ணிப் பார்ப்பது மருந்து. அதுவே உணவு ஆகிவிடக் கூடாது. 'நீ கறுப்பன், ஆகவே கறுப்பன் வேடம் மட்டுமே உனக்கு' என்று நாளை ஒருவர் சொன்னால், அது பரிவு என்ற போர்வையிலே திரும்பி வந்த பழைய சிறையே ஆகும். அன்னா மே வாங் கேட்டது சீனர் வேடம் முழுவதும் சீனருக்கே என்ற பட்டயம் அன்று. நடிகை என்ற மதிப்பு. அந்த மதிப்பு எல்லார்க்கும் கிட்டிய பிறகு, எவரும் எவராகவும் நடிக்கட்டும். அன்று நாமே முன்வரிசையிலே அமர்ந்து கைதட்டுவோம்.

பிறர் வீட்டுக் குப்பையை இவ்வளவு நேரம் சுட்டிக் காட்டிய நாம், நம் வாயிலையும் பார்க்க வேண்டும். வங்க நாடகம் ஒன்றைத் தழுவி 1963-இல் வந்த தமிழ்ப் படம் 'நானும் ஒரு பெண்'. கறுப்பாகப் பிறந்த குற்றத்துக்காக இகழப்படும் பெண்ணின் துயரத்தைப் பேசிய படம். நோக்கம் உயர்ந்தது, விஜயகுமாரி அவர்களின் நடிப்பு மக்களைக் கண்ணீர் விடச் செய்தது. ஆனாலும் அவர் முகத்திலே கருஞ்சாயம் பூசித்தான் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. கருத்த மேனியர் கோடிக்கணக்கில் வாழும் தமிழ்நாட்டிலே, கறுப்புப் பெண்ணின் கதைக்கும் கறுப்பைக் கடையிலே வாங்கிப் பூசினோம்! இன்றும் வயலிலே வெயிலிலே நிற்பவளின் கதைக்குச் சிவந்த மேனி நடிகையைத் தேடி, மாநிறத்தைத் தீட்டி நிறுத்துவதைக் காண்கிறோம். அமெரிக்கனுக்கு இனவெறி என்று பெயர் சூட்டும் நாம், இதற்கு என்ன பெயர் சூட்டப் போகிறோம்? 'மக்கள் விரும்புகிறார்கள்' என்பதுதான் விடை என்றால், 1936-இலே அந்தப் படமுதலாளிகளும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்!

அன்னா மே வாங் 1961-இல் மறைந்தார். 2022-இல் அமெரிக்க அரசு 25 சென்டு நாணயத்திலே அவர் முகத்தைப் பொறித்து வெளியிட்டது. மறு ஆண்டு, மலேசியாவிலே சீனக் குடும்பத்தில் பிறந்த மிஷேல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்காரைப் பெற்றார். ரெய்னர் சீனப் பெண்ணாக நடித்து அதே பரிசைப் பெற்று 85 ஆண்டுகள் கழித்து! மகிழ்கிறோம். நாணயத்திலே அவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே நாணயம் இருந்திருந்தால் படத்திலே இடம் கொடுத்திருப்பார்கள்.

இறந்தவருக்குச் சிலை வைப்பதும் நாணயம் அடிப்பதும் எளிது. இன்று ஏதோ ஒரு படக்கம்பெனியின் வாயிலிலே, தன் தோலின் நிறம் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தோடு காத்து நிற்கும் பெண்ணுக்குக் கதவைத் திறப்பதுதான் கடினம். உள்ளே வருபவளைப் பார்த்து, 'நீ யார் மகள்?' என்று கேளாமல், 'உனக்கு நடிக்கத் தெரியுமா?' என்று கேட்கும் நாள் வரவேண்டும். அந்த நாள் வரும்வரை, அரிதாரம் எவ்வளவு அழகாகப் பூசப்பட்டிருந்தாலும், அதன் அடியிலே இருப்பது வருணாசிரமம்தான் என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்போம்.